எந்த மாதம், யாரோடு, எந்தக் கடல்?

கேரளத்தின் 14 மாவட்டங்களில் கடலைத் தொட்டவை 9. பாலக்காடும் இடுக்கியும் அந்தக் கணக்கில் வராதவை. ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் பெய்யும் மழை இரண்டு கடல்களுக்கும் போகிறது. பாலக்காட்டின் பாரதப்புழை பொன்னானியில் அரபிக்கடலைச் சேர, அதே மாவட்டத்து அட்டப்பாடி வழியே ஓடும் பவானி கிழக்கே போய்க் காவிரியில் கலக்கிறது. இடுக்கியின் பெரியாறு கொச்சிப் பக்கம் இறங்குகிறது. மறையூர்ப் பாம்பாறோ அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. இங்குள்ள மனிதர்களுக்கும் இந்த வாய்ப்பு உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழருக்கும், மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, குமுளி எஸ்டேட்டுத் தமிழருக்கும் ஓர் இரவு வேன் பயணத்தில் மேற்குக் கடலும் கிடைக்கும், கிழக்குக் கடலும் கிடைக்கும். சென்னைக்காரருக்கோ கோழிக்கோட்டுக்காரருக்கோ இந்தச் சலுகை இல்லை. அப்படியிருந்தும் டூர் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது ஊர்ப் பெயர்தான்: கோவளம், கன்னியாகுமரி, ராமேஸ்வரம். மாதத்தையும் ஆட்களையும் அந்தப் பெயருக்கு ஏற்ப வளைத்துக்கொள்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் வாதம். முதலில் எந்த மாதம் போகிறோம் என்று பார்க்க வேண்டும். அடுத்து, கூட வருபவர்களில் உடலால் எளியவர் யார் என்று பார்க்க வேண்டும். கரையின் சரிவும் அலையும் அதற்குப் பிறகு. ஊரின் புகழைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மாதத்திலிருந்து தொடங்குவோம். ஜூன் முதல் வாரத்தில் கேரளத்தைத் தொடும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை அரபிக்கடலைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறது. காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கிறது. உயரமான அலைகள் அடுத்தடுத்து வந்து கரை மணலை அள்ளிக்கொண்டு போகின்றன. மழை ஓய்ந்த பிறகு வரும் சிறிய அலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடுகின்றன. ஆகவே ஜனவரியில் எடுத்த படத்தில் அகன்று, தட்டையாக, சாதுவாகத் தெரியும் ஒரு பீச், ஜூலையில் குறுகி, செங்குத்தாகி, சில இடங்களில் மணலே இல்லாமல் கருங்கல் தடுப்புச் சுவரோடு நிற்கும். பெயர் அதேதான், இடம் வேறு. கேரளப் பள்ளிகளின் லீவுக் கணக்கை இதன் மேல் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். ஓண லீவு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வருகிறது. குடும்பத்தோடு கிளம்பத் தோதான அந்தப் பத்து நாளில் மேற்குக் கடல் இன்னும் அடங்கியிருப்பதில்லை. கிறிஸ்துமஸ் லீவில் நிலைமை நேர்மாறு. அரபிக்கடல் கரைகள் மிக நல்ல நிலையில் இருக்கும் காலம் அது. ஆலப்புழைக்குத் தெற்கே புறக்காடு, அம்பலப்புழைப் பக்கம் மழைக்காலத்திலும் கடல் சில வாரம் குளம் மாதிரி அடங்கிக் கிடப்பதுண்டு. மீனவர்கள் கொண்டாடும் சாகர அதுதான். கடலடிச் சேறு கலங்கி அலையின் வேகத்தை உறிஞ்சிக்கொள்வதால் வரும் அமைதி. மீனுக்கு நல்லது, குளிக்க உதவாது.

ஓணத்துக்கு மேற்கு ஆகாதென்றால் கிழக்கே எங்கே போவது? கிழக்குக் கடல் முழுவதும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ராமேஸ்வரத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் விரிகுடா. அங்குள்ளவர்கள் முன்னதை ஆண்கடல் என்றும் பின்னதைப் பெண்கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் அலை எகிறும். இந்தியப் பெருங்கடலின் தெற்கு அலைகளுக்கும் அது திறந்து கிடக்கிறது. அதே நாட்களில், ஆழம் குறைந்து, தீவாலும் மணல் திட்டுகளாலும் மறைக்கப்பட்ட பாக் விரிகுடா கிட்டத்தட்ட ஏரி போல இருக்கும். அக்டோபர் முதல் வாடை திரும்பியதும் பாக் விரிகுடா கொந்தளிக்க, தெற்குப் பக்கம் ஒப்பளவில் அடங்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி முதல் சென்னை வரையுள்ள திறந்த கரைக்கும் மோசமான காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். புயல்கள் வருவதும் அப்போதுதான். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் வந்தது. சுருங்கச் சொன்னால், ஓணத்துக்குப் பாக் விரிகுடா, கிறிஸ்துமஸுக்கு அரபிக்கடல். நம் மலைகளிலிருந்து இரண்டுக்கும் வழி இருக்கிறது. குமுளியிலிருந்து மதுரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அங்கிருந்து ராமேஸ்வரம் இன்னொரு 170. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட பிறகு தீவுக்குள் ரயிலும் மறுபடி போகிறது.

இந்தக் காலக் கணக்கு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஓர் அமாவாசையே சாட்சி. மலையாளிகளின் கர்க்கடக வாவும் தமிழர்களின் ஆடி அமாவாசையும் வழக்கமாக ஒரே நாள். அன்று வர்க்கலை பாபநாசம் கடற்கரையில் பலியிடுபவர்கள் நிற்பது, தென்மேற்குப் பருவத்தின் உச்சத்தில் சீறும் அரபிக்கடலின் முன்னால். அதே காலையில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழுகுபவர்களின் இடுப்பைச் சிற்றலை தொட்டுப் போகிறது. சடங்கு ஒன்று, திதி ஒன்று. எண்பது வயதுத் தாத்தாவை அழைத்துப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல. எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இரண்டு இடத்திலும் உறவும் பழக்கமும் உண்டு என்பதால், ஆடியில் முதியவரோடு போவதானால் கிழக்கே போவதுதான் புத்தி. ஒரு நிபந்தனை: அக்னி தீர்த்தத்தின் அமைதியைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனை வரை போய் அங்கும் இறங்கக் கூடாது. இரண்டு கடல்களும் முட்டிக்கொள்ளும் அந்த மூக்கில் நீரோட்டம் கடுமை. அது பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய இடம்.

மாதம் சரி, கரையின் குணத்தை எப்படித் தெரிந்துகொள்வது? மணலைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பருமணல் கரை பெரும்பாலும் செங்குத்தாகச் சரியும். தண்ணீருக்குள் நாலு எட்டு வைத்தால் கழுத்தளவு. அலை உடையாமல் கரை வரை வந்து ஒரே மூச்சில் அறையும். திரும்பும்போது காலடி மணலோடு ஆளையும் வாரும். மென்மணல் கரை தட்டையானது. அலை தூரத்திலேயே உடைந்து, நுரையாகி, களைத்துப்போய்க் கரைக்கு வரும். கொல்லம் நகரக் கடற்கரை முதல் வகைக்கு நல்ல உதாரணம்: உட்கார்ந்து பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து. வைப்பின் தீவின் சேராய் இரண்டாவது வகை. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட கரைகள்தான் ஏமாற்றுபவை. அங்கே மணல் திட்டுகளுக்கு நடுவே வாய்க்கால் போல ஓர் இடைவெளி இருக்கும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். ரிப் என்று சொல்லப்படும் இழுப்பு நீரோட்டம் இதுதான். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை இருக்க, நடுவில் மட்டும் கருத்து அமைதியாகத் தெரியும். அலைக்குப் பயந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சரியாக அங்கேதான் போய் இறங்குகிறார்கள். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பின் திரும்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ஷார்ட் என்ற பேராசிரியர் அந்நாட்டின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடற்கரைகளை ஒவ்வொன்றாக வகைப்படுத்தி, ஒன்று முதல் பத்து வரை அபாய மதிப்பெண் கொடுத்தார். அங்கே ஒரு தகப்பன் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. இருப்பதெல்லாம் சிவப்புக் கொடியும், பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகையும், விசில் ஊதும் லைஃப்கார்டும்தான்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம், ஏனென்றால் குழந்தை கடலைப் பார்ப்பதோடு நிற்காது. பாலக்காட்டிலிருந்து அரபிக்கடல் என்றால் திருச்சூர் மாவட்டத்தின் சாவக்காடும், தளிக்குளத்துச் சிநேகதீரமும் இரண்டு இரண்டரை மணி நேரத் தொலைவு. சாவக்காட்டுக்குப் போனால் குருவாயூரும் பக்கத்திலேயே இருக்கிறது. சிநேகதீரத்தில் கரையோரப் பூங்கா இருப்பதால், பிள்ளைகள் தண்ணீரைவிட்டு வெளியே வர ஒரு காரணம் கிடைக்கிறது. மூணாறுப் பக்கத்தவர்களுக்குச் சேராய். ஓண லீவில் போவதானால் ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான்: பாக் விரிகுடாக் கரை, சவுக்குத் தோப்பு, அலையில்லாத் தண்ணீர். எந்தக் கரையானாலும் காலையில் போவது நல்லது. நிலம் சூடேறியதும் கடற்காற்று கிளம்பிப் பிற்பகலில் வலுக்கும். காலை எட்டு மணித் தண்ணீரும் மாலை நாலு மணித் தண்ணீரும் ஒன்றல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுப் பிள்ளைகள் குளத்தில் நீச்சல் கற்றவர்கள்; மலைப் பிள்ளைகள் ஆற்றுக் கயத்தில் குதித்தவர்கள். நிற்கும் தண்ணீரில் வந்த தைரியம் கடலில் ஆபத்தாக முடிகிறது. நீச்சல் தெரியாதவன் முழங்காலோடு நின்றுவிடுவான். குளத்து நீச்சல்காரன் ‘இதெல்லாம் ஒரு தண்ணியா’ என்று உள்ளே போவான். எனவே, கூட்டத்தில் எளியவர் யார் என்று கேட்கும்போது பதினேழு வயதுப் பையனையும் அந்தப் பட்டியலில் வையுங்கள்.

முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கேள்வியே வேறு. வண்டி நிற்கும் இடத்துக்கும் கடல் தெரியும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? நடுவில் எவ்வளவு மணல்? கழிப்பறை எங்கே? முட்டிவலிக்காரருக்கு நூறடி உலர்மணல் என்பது அரை மைல். அதனால் அகலமான பீச் இவர்களுக்குக் கெட்ட பீச். சாலையும் நடைபாதையும் கடலை ஒட்டி ஓடும் கோழிக்கோடு, 1862இல் கட்டிய பழைய கடல்பாலத்தின் எச்சம் நிற்கும் ஆலப்புழை, பாறைகளுக்கு மேலே உலாச்சாலை போட்ட புதுச்சேரி ஆகியவை நல்ல கரைகள். மூன்றிலும் கால் நனையாமலே கடலை அனுபவிக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தண்ணீர் வரை கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் நம் ஊர்களுக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது. சென்னை மெரினாவில் அதற்கென நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது 2022 நவம்பர் கடைசியில். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். நோக்கம் மிக நல்லது. திறப்பு விழாவுக்கு வடகிழக்குப் பருவத்தின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் காலண்டரைப் பார்க்கவில்லை.

மற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனிமை தேடும் புதுமணத் தம்பதிக்கு மாராரிக்குளம் போதும். செம்பாறை மேட்டின் மேலிருந்து கடலைப் பார்க்க வர்க்கலைக்கு நிகர் இந்தப் பக்கம் இல்லை. சாப்பாட்டுக்காகக் கடலுக்குப் போகிறவர்கள் கோழிக்கோட்டுக்குப் போகலாம். கல்லும்மக்காயும் உப்பிலிட்டதும் அங்கே அலையைவிடப் பெரிய ஈர்ப்பு. ஆனால் மீன் தின்னக் கிளம்புகிறவரும் மாதம் பார்த்தாக வேண்டும். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைத் தடை. ஆக மே மாதப் பள்ளி லீவில் கிழக்கே போனால் தட்டில் கிடைப்பது நாட்டுப்படகு கொண்டுவந்தது மட்டும், அல்லது ஐஸ்பெட்டியில் வெளியூரிலிருந்து வந்தது. மேற்கே அப்போது படகுகள் ஓடிக்கொண்டிருக்கும். திருச்செந்தூருக்குப் போகும் பக்தர்களுக்குப் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி வழியாக ரயிலே இருக்கிறது. அங்கே கடல் மன்னார் வளைகுடா என்பதை மட்டும் ஆடி, ஆவணியில் மறக்காமல் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு எதிர்வாதம் உண்டு, அது லேசானதும் அல்ல. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு டூர். லயத்தில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து சீட்டுப் போல் பணம் சேர்த்து வேன் பிடிக்கிறார்கள். அந்த ஒரு டூரில் கன்னியாகுமரியைப் பார்க்காமல், கேள்விப்படாத ஏதோ ஒரு கரைக்கு ஏன் போக வேண்டும்? குளிப்பதற்கா போகிறோம், சும்மா காலை நனைப்போம், அவ்வளவுதானே? முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கன்னியாகுமரியைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே பார்க்க வேண்டியவை எல்லாம் தண்ணீருக்கு மேலே இருப்பவை: 1970இல் எழுந்த விவேகானந்தர் பாறை மண்டபம், 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம். கடலாட அது ஊரல்ல, கரையெல்லாம் பாறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் சீறும் நாட்களில் படகும் நின்றுவிடும் என்பதால், பார்ப்பதற்குக்கூட மாதம் தேவைப்படுகிறது. இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள முடியாது. கால் நனைப்பது என்பது எல்லை இல்லாத செயல். கணுக்கால் நனைந்தவர் முழங்காலுக்குப் போவார், செல்ஃபிக்காக முதுகைக் கடலுக்குக் காட்டுவார். செங்குத்துக் கரையில் முழங்கால் ஆழத்துக்கும் மூழ்கும் ஆழத்துக்கும் இடையே ஓர் அலைதான் இருக்கிறது. குளிக்க நினைத்தவராவது தண்ணீரைக் கவனிப்பார்; கால் நனைக்க வந்தவர் அதைக்கூடச் செய்வதில்லை.

சான்றிதழ் பெற்ற கரைக்குப் போனால் போதாதா என்றும் கேட்கலாம். டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு தரும் நீலக்கொடிச் சான்றிதழ் 33 அளவுகோல்களைப் பார்க்கிறது: தண்ணீரின் சுத்தம், குப்பை மேலாண்மை, கழிப்பறை, பாதுகாப்பு ஏற்பாடு. 2020இல் இந்தியாவில் முதலில் அதைப் பெற்ற எட்டுக் கரைகளில் கோழிக்கோட்டுக்கு வடக்கே உள்ள காப்பாடும் ஒன்று. அடுத்த ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் பெற்றது. பெண்களுக்கு உடை மாற்ற இடமும் சுத்தமான கழிப்பறையும் வேண்டுமென்றால் இந்தக் கொடியை நம்பிப் போகலாம். அது சின்ன விஷயமல்ல, பல குடும்பங்களில் பெண்கள் டூர் வரத் தயங்குவதே இதனால்தான். ஆனால் கொடி கழிப்பறைக்கு உத்தரவாதம் தரும். ஜூலை மாத அலைக்குத் தராது.

கடைசியாக, என் வாதத்தின் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். மாதம் சரியாக இருந்தும் கடல் கைவிடும் நாட்கள் உண்டு. வர்க்கலையில் மிதவைப் பாலத்தில் அலை மோதிக் கைப்பிடி முறிந்து, மேலே நின்றவர்கள் கடலில் விழுந்து பலர் காயமடைந்தது 2024 மார்ச்சில், அதாவது நல்ல காலத்தில். அதே ஆண்டு மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அந்த மே நாட்களில் வந்தது கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான மைல் தெற்கே நடுக்கடலில் வீசிய புயல் எழுப்பும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத தெளிந்த வானத்தின் கீழ் திடீரென்று கரையேறுவதைக் கேரள மீனவர்கள் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். யுனெஸ்கோவும் 2012இல் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. இது அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பள்ளி லீவின் நடுவில். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அறிவிப்பு வரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. 2024 மே மாதமும் எச்சரித்திருந்தது. மலையாளச் செய்தி கேட்கிற வீட்டில் ‘கள்ளக்கடல்’ என்ற சொல் காதில் விழாமல் போகாது. சிக்கல், அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பிள்ளைகள் துணி எடுத்து வைத்தாயிற்று, இனி எப்படி நிறுத்துவது என்பதில் இருக்கிறது. அதனால் வேன் பேசும்போதே இரண்டாவது ஊர் ஒன்றையும் பேசி வைத்துக்கொள்ளலாம். சேராய்க்கு அறிவிப்பு வந்தால் கொச்சிக் கோட்டையின் சீனவலைகளும் ஒரு காயல் படகும்; சாவக்காட்டுக்கு வந்தால் குருவாயூரும் புன்னத்தூர்க் கோட்டை யானைகளும். டீசல் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது.